ஓசோன் படலம்: ஏசி பழுது பார்க்கப் போகும் வீடுகளில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெற்கே முதுநகர், வடக்கே புதுச்சேரி முத்தியால்பேட்டை வரை வேலைக்குப் போவேன். ஏணியில் நின்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருக்கும்போதுதான் கீழே நிற்கிறவர்களுக்கு, இந்த மெஷின்களின் பழைய காஸ் கெடுக்கிற ஓசோனைப் பற்றிச் சந்தேகம் வரும். செப்டம்பர் 16 ஓசோன் தினத்துக்குப் பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டாலும் பிள்ளைகள் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

ஓசோன்னா என்னண்ணே? காஸா, இல்ல வானத்துல விரிச்ச போர்வை மாதிரியா?

காஸ்தான். நாம் மூச்சு விடும் ஆக்சிஜனில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு அணு, ஓசோனில் மூன்று. பெரிய இடி மின்னலுக்குப் பிறகு காற்றில் ஒரு காரமான வாடை வருமே, அதில் ஓசோனும் உண்டு. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இது அதிகமாக இருப்பதால் அந்தப் பகுதியைப் படலம் என்கிறோம். அங்கேயும் மற்ற காற்றோடு கலந்து மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. நம் தலைக்கு மேல் இருக்கிற ஓசோன் மொத்தத்தையும் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினால் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரி.

அந்த 3 மில்லிமீட்டர்தான் சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. புறஊதாவில் மூன்று வகை: மிக ஆபத்தான 'சி' வகை தரைக்கே வராது, 'பி' வகையில் பெரும்பகுதி நின்றுவிடும், 'ஏ' வகை பெரும்பாலும் வந்துவிடும். படலம் மெலிந்தால் கூடுவது இந்த 'பி' வகை. தோல் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் அது ஒரு காரணம், பயிருக்கும் ஆகாது, கடலில் மீனுக்கு ஆதாரமான மிதவை உயிரிகளையும் பாதிக்கும். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற தேவனாம்பட்டினம் மீனவருக்கும் குறிஞ்சிப்பாடி வயல் ஆளுக்கும் இது வெறும் பாடப்புத்தக விஷயமாக இருக்க முடியாது.

ஓட்டைன்னு சொல்றாங்களே, நம்ம ஊருக்கு மேலயும் இருக்கா?

இல்லை. ஓட்டை என்று சொல்வது தென்துருவத்துக்கு மேல், அண்டார்டிகாவில், ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் பெரிதாகி, பிறகு மூடிக்கொள்கிற ஒரு மெலிவு. ஓசோனை அளக்க டாப்சன் என்ற அலகு உண்டு. மேலே சொன்ன 3 மில்லிமீட்டர் என்பது 300 டாப்சன். 220க்குக் கீழே போனால் அந்த இடத்தை ஓட்டைக் கணக்கில் சேர்க்கிறார்கள். 2000 செப்டம்பரில் அதன் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டரைத் தொட்டது, அதாவது ஒன்பது இந்தியா அளவு.

நம் பக்கம் படலம் இயற்கையிலேயே துருவப் பக்கத்தைவிட மெல்லியது. இதை அளக்க வெளிநாடு போக வேண்டாம், நம் கொடைக்கானலிலேயே 1957இல் வானிலைத் துறை டாப்சன் கருவியால் அளக்கத் தொடங்கிவிட்டது. பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோன் அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கியவர் அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பள்ளிக்கூடங்களில் பேசப் போனால் பெண் பிள்ளைகளிடம் இந்தப் பெயரை மறக்காமல் சொல்லிவிட்டு வருவேன்.

அப்போ கத்திரி வெயில் இப்படிக் கொளுத்துறதுக்கு ஓசோன் ஓட்டைதானே காரணம்?

இல்லை, இதுதான் எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிற விஷயம். வெப்பம் வேறு, புறஊதா வேறு. கத்திரியில் கொளுத்துவது சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்பதாலும், பகல் நீளமாக இருப்பதாலும், கடற்காற்று வரத் தாமதமாவதாலும். கடலூர், புதுச்சேரிக்கு ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் நண்பகலில் நிழல் காலடியிலேயே விழும், மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு நீங்களே பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. சூரியன் உச்சியில் இருப்பதாலும் நம் பக்கப் படலம் மெல்லியது என்பதாலும், ஓட்டை எதுவும் இல்லாமலே இங்கே நண்பகல் புறஊதா மிக அதிகம். இருக்கிற படலமும் மெலிந்தால் அதைத் தாங்கப் போவது வெயிலில் வேலை செய்கிறவர்கள்தான்.

ஃபிரிட்ஜ் காஸ் காத்தைவிட கனம்னு நீங்கதானே சொன்னீங்க, அது எப்படி அவ்வளவு உயரம் ஏறும்?

முதுநகரில் ஒரு பெரியவர் கேட்டார், நல்ல கேள்வி. பழைய ஃபிரிட்ஜில் இருந்த ஆர்-12 என்ற காஸ் காற்றைப்போல நான்கு மடங்கு கனம், மூடிய அறையில் விட்டால் கொஞ்ச நேரம் தரையோடு கிடக்கும். வெளியே வந்துவிட்டால் காற்று அதை விடாது, கலக்கிக்கொண்டே இருக்கும். கனமான புழுதி பாலைவனத்திலிருந்து கடல் தாண்டிப் போகவில்லையா, இது அதைவிட எத்தனையோ மடங்கு லேசு. சில வருஷங்களில் மேலே போய்ச் சேர்ந்துவிடும். மழை கரைக்காது, வெயில் உடைக்காது, எதோடும் சேராது. ஃபிரிட்ஜுக்கு எந்தக் குணம் நல்லதென்று 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் இந்த சி.எஃப்.சி. (குளோரோஃப்ளோரோகார்பன்) வகைக் காஸை உருவாக்கினார்களோ, அந்தக் குணமே வினையாயிற்று.

மேலே போனதும் கடுமையான புறஊதாவில் மூலக்கூறு உடைந்து குளோரின் அணு தனியாகும். அது ஓசோனில் ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கும், பிறகு அதை விட்டுவிட்டு அடுத்த ஓசோனுக்குப் போகும், தான் மட்டும் தீராது. ஒரே குளோரின் அணு இப்படி ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரை அழிக்கும். இதை 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கம்பெனிகள் பல வருஷம் ஒத்துக்கொள்ளவில்லை. 1995இல் பால் க்ருட்ஸனோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அண்டார்டிகாவுல ஏசியே கிடையாதே சார், அங்க ஏன் ஓட்டை விழுது?

எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது. காஸ் எங்கே விட்டாலும் உலகம் பூராவும் கலந்துவிடும், அதனால் விட்ட இடம் முக்கியமில்லை. அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் சூரியனே வராது, மேலே காற்று ஒரு பெரிய சுழலாகத் தன்னையே சுற்றிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. குளிர் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும்போது அந்த உயரத்தில் ஒருவகை மேகம் உண்டாகும். அந்த மேகத் துகள்களின் மேல்தான், அதுவரை வேறு சேர்மங்களில் அடங்கிக் கிடந்த குளோரின் வெளியே வரத் தயாராகிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் சூரியன் எட்டிப் பார்த்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். வடதுருவத்தில் இவ்வளவு குளிர் பெரும்பாலும் வராததால் அங்கே பாதிப்பு குறைவு.

இதை முதலில் வெளிப்படுத்தியவர்கள் ஹேலி ஆய்வு நிலையத்தில் வருஷக்கணக்காகப் பொறுமையாக அளந்துவந்த பிரிட்டிஷ் குழு: ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின். 1985இல் வெளியிட்டார்கள். இரண்டே வருஷத்தில், 1987 செப்டம்பர் 16இல், ஓசோனைக் கெடுக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த வேகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

நெய்வேலிப் புகை, சிப்காட் புகை எல்லாம் ஓசோனை ஓட்டை போடாதா?

நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் மேலே போகும் முன்பே மழையோடும் பனியோடும் இறங்கிவிடும், மேலே இருக்கும் படலத்துக்கு அவற்றால் சொல்லும்படி கேடு இல்லை. அதனால் அந்தப் புகை நல்லது என்று ஆகாது. வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வெந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும், நுரையீரலுக்கு அது விஷம், இலைகளையும் கருக்கும். அதற்காகத்தான் இந்தியக் காற்றுத் தர விதியில் எட்டு மணி நேரச் சராசரிக்கு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கீழே உண்டாகும் இந்த ஓசோன் மேலே போய் ஓட்டையை அடைக்கவும் அடைக்காது.

மரம் நட்டா ஓசோன் சரியாகுமா?

ஆகாது. மரம் நடுங்கள், நிழலுக்கும் மழைக்கும் கரியமில வாயுவுக்கும் நல்லது. குளோரினை அது தொடாது.

கேன் தண்ணி கம்பெனியில ஓசோன் போட்டு சுத்தம் பண்றாங்களே, அதையே தயாரிச்சு மேல அனுப்பலாமே?

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது. வளிமண்டலத்தில் இருக்கும் ஓசோன் மொத்தம் சுமார் 300 கோடி டன். அதில் சிறு பங்கை ஈடு செய்ய நினைத்தாலும் எந்த மின்நிலையமும் போதாது. அப்புறம், குளோரின் மேலே இருக்கும்வரை கொண்டுபோய் ஊற்றுவதையும் அது அழித்துக்கொண்டே இருக்கும். சூரியனே தினமும் இலவசமாக ஓசோனைத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் குளோரினும், அதைப்போலவே ஓசோனை அழிக்கும் புரோமினும் அனுப்புவதை நிறுத்தினால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

எங்க வீட்டு ஏசியில இருக்கிற காஸ் கெட்டதா நல்லதா, எப்படிப் பாக்குறது?

அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஆர்-22 என்றால் ஓசோனைக் கெடுக்கும் வகை, பழைய சி.எஃப்.சி.யின் இருபதில் ஒரு பங்கு வலிமைதான், ஆனாலும் கெடுக்கும். ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 இவற்றில் குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது. ஃபிரிட்ஜில் ஆர்-134ஏ, ஆர்-600ஏ இரண்டும் அப்படியே. 2003க்கு முந்தைய ஃபிரிட்ஜ் யார் வீட்டிலாவது இன்னும் ஓடினால் கம்ப்ரசர் ஸ்டிக்கரில் ஆர்-12 என்று இருக்கலாம், அதன் சுவருக்குள் இருக்கும் நுரையிலும் ஆர்-11 அடைபட்டிருக்கும்.

இந்தியா சி.எஃப்.சி.யை 2010க்குள் நிறுத்திவிட்டது. ஆர்-22 சேர்ந்த எச்.சி.எஃப்.சி. குடும்பத்துக்கு 2030 கெடு, பழைய மெஷின்களின் பழுதுக்காக மட்டும் சிறு அளவு 2040 வரை. அதனால் உங்கள் ஆர்-22 ஏசியை இன்றைக்கே தூக்கிப் போட வேண்டியதில்லை. காஸ் உள்ளே இருக்கும்வரை அது யாருக்கும் கெடுதல் செய்யாது.

வருஷா வருஷம் காஸ் போடணும்ல? எங்க பழைய மெக்கானிக் மார்ச் மாசம் வந்து போட்டுட்டுப் போவாரு

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஏசி காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது, பதினைந்து வருஷம் ஓடினாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் ஒவ்வொரு மார்ச்சும் ஒரு கிலோ ஆர்-22 போட்டால், ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு கிலோவை வானத்துக்கு அனுப்புகிறீர்கள்.

நம் கடற்கரை ஊர்களில் இது அதிகம். உப்புக் காற்று, அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் சுருள் குழாயான காயிலையும் அதன் அலுமினியத் தகட்டையும் தின்றுவிடும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் நான் பார்க்கிற அவுட்டோர் யூனிட் பலவற்றில் நாலைந்து வருஷத்திலேயே தகடு கையில் உதிர்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினாலே ஆயுள் கூடும். உப்புத் தண்ணீர் வரும் போரில் கழுவாதீர்கள். வாங்கும்போதே பூச்சுப் போட்ட காயில் கேளுங்கள், முடிந்தால் யூனிட்டைக் கடலைப் பார்க்காத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். முட்டை விடும் இடம் தெரிந்ததும் வெல்டு வைத்து, மறுபடி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்யூம் எடுத்து (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு), ஸ்டிக்கரில் இருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்துக் காஸ் போட வேண்டும். அரை நாள் வேலை இது. பத்து நிமிஷத்தில் டாப்-அப் செய்கிறவரைவிடக் கூலி கூட ஆகும், அடுத்த மார்ச்சில் அந்தக் காசு மிச்சம்.

வீடு மாறும்போது ஏசியைக் கழட்டுனா புஸ்ஸுனு சத்தம் வருதே, அது என்ன?

அதுதான் காஸ், வரக்கூடாத சத்தம். புதுச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள் வேறொரு ஆள் நட்டைத் திருகி மொத்தத்தையும் விட்டுவிட்டார். வீட்டு அம்மா "தம்பி, காத்துதானே போகுது" என்றார். அது ஆர்-22, ஒரு கிலோவுக்கு மேல் இருந்த மெஷின். அன்றைக்கு வீடு திரும்பும்வரை மனசு ஆறவில்லை.

சரி, எப்படிக் கழற்ற வேண்டும்? ஏசியை கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூட வேண்டும். கம்ப்ரசர் உள்ளே இருக்கும் காஸை எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்கு இழுத்துக்கொள்ளும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே அணைத்துவிட வேண்டும். இதற்குப் பெயர் பம்ப் டவுன். ஒழுகுகிற மெஷினில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, காற்று உள்ளே போய்க் கம்ப்ரசர் வெடிக்கும் ஆபத்து உண்டு. அங்கே ரெகவரி மெஷின் வைத்துத் தனி சிலிண்டரில்தான் காஸை எடுக்க வேண்டும்.

வெள்ளத்துல போன ஃபிரிட்ஜை இரும்புக் கடையில போட்டுட்டோம், தப்பா?

2024இல் ஃபெஞ்சல் புயல் வந்து போன பிறகு இந்தக் கேள்வியை வாரக்கணக்கில் கேட்டேன், 2011 தானே புயலுக்குப் பிறகும் இதே கதைதான். போட்டது தப்பில்லை, அங்கே செம்புக்காகக் குழாயை அறுக்கும்போதுதான் காஸ் போகிறது. கொடுக்கும் முன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காஸை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். ஃபிரிட்ஜில் இருப்பது நூறு, நூற்றைம்பது கிராம்தான் என்று விடாதீர்கள், ஆர்-12 அந்த அளவில் இருந்தாலே ஒன்றரை டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தையும் சேர்த்துத்தான் கிளப்பும்.

முதுநகர் ஐஸ் பிளான்ட்ல அவ்வளவு பெரிய மெஷின் ஓடுதே, அது எவ்வளவு கெடுக்கும்?

ஓசோனை ஒன்றும் செய்யாது. ஐஸ் பிளான்டுகளில் ஓடுவது பெரும்பாலும் அம்மோனியா. ஓசோனுக்கும் கேடில்லை, வெப்பமும் கூட்டாது. ஒழுகினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணும் மூச்சும் போய்விடும், அதனால் வீட்டு ஏசிக்கு அது ஆகாது.

ஆர்-32 ஓசோனைக் கெடுக்காதுன்னா, அது ஒழுகினா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஓசோனைக் காப்பாற்ற வந்த இந்தப் புது காஸ்கள் பூமியைச் சூடாக்கும் வகை. ஒரு கிலோ கரியமில வாயுவை ஒன்று என்று வைத்தால் ஆர்-32 சுமார் 675, ஆர்-410ஏ 2,000க்கு மேல், ஆர்-22 சுமார் 1,800. ஆர்-290 மூன்றைத் தாண்டாது. இதற்காகத்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில், இந்தப் புது காஸ்களையும் குறைக்கும்படி மான்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்தினார்கள். இந்தியா 2021இல் ஏற்றது. 2028இல் அளவை உறையவைத்து, 2047க்குள் 85 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

என் ஆர்-22 ஏசியில ஆர்-290 போட்டுத் தரேன், கரன்ட் பில் குறையும்னு ஒருத்தர் சொல்றாரு. போடலாமா?

போடாதீர்கள். ஆர்-290 என்பது புரோப்பேன், அடுப்பு காஸின் உறவு. அதற்கென்றே செய்த ஏசியில் அளவைக் குறைத்து, தீப்பொறி வராத சுவிட்ச் வைத்து, எந்த அளவு அறைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள். ஆர்-22க்காகச் செய்த மெஷினில் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. உள்ளே ஒழுகி, ஒரு பொறி பட்டால் படுக்கையறையில் தீ. ஓசோன் மேல் அக்கறை உள்ளவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள்.

சென்ட் ஸ்ப்ரே, கொசு ஸ்ப்ரே, ஆஸ்துமா பம்ப் எல்லாம் நிறுத்தணுமா?

ஆஸ்துமா பம்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். முன்பு அவற்றில் சி.எஃப்.சி. இருந்தது, இப்போது இல்லை. ஸ்ப்ரேக்களிலும் இப்போது பெரும்பாலும் அடுப்பு காஸ் வகைதான், நெருப்புப் பக்கம் அடிக்காதீர்கள்.

வயலுக்குப் போடுற யூரியாவும் ஓசோனைக் கெடுக்கும்னு என் மகன் சொல்றான், நிஜமா?

நிஜம்தான், பண்ருட்டிக்காரர் ஒருவர் கேட்டார். பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரஜனை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றும், அது நூறு வருஷத்துக்கு மேல் காற்றில் நின்று, மெதுவாக மேலே ஏறி ஓசோனை அழிக்கும். மான்ட்ரியல் உடன்படிக்கையில் இது இல்லை. இன்றைக்கு மனிதர் வெளியே விடுவதில் ஓசோனுக்கு அதிகக் கேடு இதனால்தான் என்று 2009இல் விஞ்ஞானி ரவிசங்கரா குழுவினர் கணக்கிட்டுக் காட்டினார்கள். உரமே போடாதே என்று யாரும் சொல்லவில்லை. மண் பரிசோதித்து, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டு, கன மழைக்கு முன்னால் போடாமல் இருந்தால் காசும் மிச்சம்.

ஓசோன் சரியாகுதுன்னு டிவியிலயே சொல்லிட்டாங்களே, இன்னும் ஏன் இவ்வளவு பேசணும்?

சரியாகிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை, அதில் எனக்குச் சந்தோஷம். கட்டுப்படுத்திய பொருள்களில் 99 சதவீதம் நின்றுவிட்டது. இப்படியே போனால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், வடதுருவத்தில் 2045, அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் படலம் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் 2022 மதிப்பீடு. உடன்படிக்கை இல்லாமல் போயிருந்தால் 2065இல் உலகின் ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும் என்றும் ஒரு நாசா குழு கணக்குப் போட்டிருக்கிறது.

அப்புறம் ஏன் பேச்சு? ஆர்-12 காற்றில் சுமார் நூறு வருஷம் நிற்கும், நம் தாத்தா காலத்து ஃபிரிட்ஜ் விட்டது இன்னும் மேலேதான் இருக்கிறது. 2018இல் ஆர்-11 வெளியேற்றம் திடீரெனக் கூடியதைக் கவனித்துத் தேடிப்போனபோது, கிழக்குச் சீனாவில் நுரை செய்யத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியது தெரிந்தது. அளக்கிறவர்கள் விழிப்பாக இருந்ததால் ஒன்றிரண்டு வருஷத்தில் அது அடங்கியது. மிச்சம் இருக்கிற காஸ் பழைய மெஷின்களுக்குள், நம் மொட்டை மாடிகளில்தான் இருக்கிறது.

அப்போ அடுத்த தடவை மெக்கானிக் வந்தா என்ன கேக்கணும்?

"எங்கே ஒழுகுது, காட்டுங்க" என்று முதலில் கேளுங்கள், சோப்புத் தண்ணீர் முட்டையை உங்கள் கண்ணால் பாருங்கள். தராசு கொண்டுவந்திருக்கிறாரா, வேக்யூம் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும் வேலை என்றால், "பம்ப் டவுன் பண்ணிக் கழட்டுங்க, கூடுதல் நேரத்துக்குக் காசு தரேன்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காசு விஷயத்தைச் சொல்லிவிடுவது முக்கியம், ஒரு நாளில் ஆறு வீடு போகிற பையன் அவசரப்படுவது பெரும்பாலும் அதனால்தான்.